கால்நடைகளின் கண் நோய்களும் காக்கும் வழிகளும்

(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் எழுதியது)

மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்ற பொருளும் நம் மொழியில் உண்டு. அது வெறும் சொல்லளவில் நின்றுவிட்ட பொருளன்று. 2019-ஆம் ஆண்டில் எடுக்கப்பெற்ற இருபதாவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி நம் மாநிலத்தில் ஏறத்தாழ 95 லட்சம் மாடுகளும், 5 லட்சம் எருமைகளும், 99 லட்சம் வெள்ளாடுகளும், 45 லட்சம் செம்மறியாடுகளும் இருந்தன. நிலமில்லாத குடும்பங்கள் பலவற்றிற்கு ஒரு கறவை மாடோ, நாலைந்து வெள்ளாடுகளோதான் கையிருப்பு. பிள்ளையின் படிப்புச் செலவும், திடீரென்று வரும் வைத்தியச் செலவும் அந்தக் கொட்டிலிலிருந்தே கிடைக்க வேண்டும்.

இச்செல்வத்தைக் காப்பதில் நம் விவசாயிகள் முன்னைவிட விழிப்புடன் இருக்கின்றனர். கோமாரிக்குத் தடுப்பூசி போடும் முகாம் என்றால் மாடுகளை ஓட்டிக்கொண்டு வருகின்றனர். மடி வீங்கினால் அன்றே மருந்தகத்திற்குச் செல்கின்றனர். ஆனால் கண்ணில் நீர் வடிந்தால் மட்டும், "தூசி விழுந்திருக்கும், தானே சரியாகிவிடும்" என்று விட்டுவிடும் வழக்கம் இன்னும் மாறவில்லை. நாலைந்து நாள் கழித்துக் கண்ணில் வெண்மை படர்ந்த பின்பே, "பூ விழுந்துவிட்டது" என்று வருந்துகின்றனர்.

கண் வலியுள்ள மாடு வெயிலில் மேயாது, தீவனம் குறையும், பாலும் குறையும். இரு கண்ணும் மங்கிய ஆடு மந்தையிலிருந்து பிரிந்து கிணற்றிலோ பள்ளத்திலோ விழும். ஒரு கண் போன உழவு மாடு அந்தப் பக்கத்தில் சிறு ஓசை கேட்டாலும் மிரளும். சந்தையில் அதன் விலை என்னவாகும் என்பதை விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இவ்விழப்பில் பெரும்பகுதி தவிர்க்கக்கூடியது என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கால்நடையின் கண் பெரும்பாலும் ஒரே நாளில் கெடுவதில்லை. ஈயும், காயமும், தீவனக் குறைவும் நோயைத் தொடங்கி வைக்கின்றன. தாமதமும், தகாத கைம்மருந்தும் அதனை முடித்து வைக்கின்றன.

கண்ணின் அமைப்பு

மாட்டின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால், அது தலையைத் திருப்பாமலே தன்னைச் சுற்றிப் பெரும்பகுதியைக் காண இயலும். நேர் பின்புறம் மட்டுமே அதன் பார்வைக்கு எட்டாது. இவ்வாறு வெளியே புடைத்து நிற்கும் கண், முள்ளுக்கும் தூசிக்கும் எளிதில் இலக்காகின்றது.

கருவிழிக்கு மேலே கடிகாரத்தின் கண்ணாடியைப் போலத் தெளிவான ஒரு படலம் மூடியுள்ளது. இதனைக் கண்ணாடிப் படலம் என்று வைத்துக்கொள்வோம். இதில் இரத்தக் குழாய்கள் இல்லை. ஆதலால்தான் ஒளி தடையின்றி உட்செல்கின்றது. அக்காரணத்தாலேயே இதில் ஏற்பட்ட புண் ஆறுவதற்கும் நாளாகின்றது. நாம் பூ என்று கூறுவது பெரும்பாலும் இப்படலம் வீங்கி வெண்மையாவதையோ, புண் ஆறிய தழும்பையோதான். மூக்கோரத்து மூலையில் மூன்றாவது இமை ஒன்று உண்டு. தூசியைத் துடைத்தெடுக்கும் அவ்விமையை வேண்டாத சதை என்று எண்ணி வெட்டிவிடுவது பெருந்தவறு.

நல்ல கண் ஈரமாகவும் பளபளப்பாகவும் இருக்கும். வலியுள்ள கண் பாதி மூடியிருக்கும். இமை மயிர் நேரே நிற்காமல் கீழ்நோக்கிச் சாயும். கன்னத்தில் நீர் வடிந்த தடம் தெரியும். இம்மூன்றையும் காண்பதற்கு எவ்விதக் கருவியும் தேவையில்லை. காலையில் கட்டவிழ்க்கும்போது இரு கண்களையும் ஒருமுறை நோக்கினாற் போதும்.

பூ விழச் செய்யும் தொற்றுநோய்

ஒரே வாரத்தில் ஒரு தெருவிலுள்ள மாடுகள் பலவற்றிற்குக் கண் சிவந்து நீர் வடியுமாயின், அது தொற்றுநோய் என்று கொள்ள வேண்டும். மாடுகளில் இந்நோயை உண்டாக்கும் கிருமிகளில் முதன்மையானது மொராக்செல்லா போவிஸ் என்பது. மயிர் போன்ற நுண்ணிய இழைகளால் இது கண்ணின் மேற்பரப்பைப் பற்றிக்கொண்டு, நஞ்சைச் சுரந்து கண்ணாடிப் படலத்தை அரிக்கின்றது. கடும் வெயில், தூசி, உயர்ந்த புற்களின் உராய்வு ஆகியவை கண்ணை முன்பே புண்படுத்தியிருந்தால் கிருமிக்கு வேலை எளிதாகிவிடும்.

நோயுற்ற கண்ணில் மொய்த்த ஈ அடுத்த மாட்டின் கண்ணிலும் சென்று மொய்க்கின்றது. அதன் கால்களிலும் வாயிலும் கிருமி ஏறிச் செல்கின்றது. முதலில் நீர் வடியும். வெளிச்சத்தைக் கண்டு மாடு கண்ணை இடுக்கும். ஓரிரு நாட்களில் கண்ணின் நடுவில் சிறு வெண்புள்ளி தோன்றும். அது விரிந்து புண்ணாகும். நீர் சீழாக மாறிப் பீளை கட்டும். இந்நிலையில் சிகிச்சை பெற்ற மாடுகளிற் பல, சில வாரங்களில் பார்வையை மீண்டும் பெறுகின்றன. கவனியாது விட்டால் புண் ஆழ்ந்து படலமே கிழிந்து, கண் நிரந்தரமாகப் போய்விடக்கூடும்.

நோய் நீங்கிய மாடும் பல மாதங்கள் வரை கிருமியைத் தன் கண்ணிலும் மூக்கிலும் வைத்திருக்கக்கூடும். ஆகவே சந்தையில் வாங்கிய மாட்டை இரண்டு மூன்று வாரங்கள் தனியே கட்டிவைத்து, பின்னரே மற்ற மாடுகளுடன் சேர்க்க வேண்டும்.

வெள்ளாட்டிலும் செம்மறியிலும் இதனை ஒத்த நோய் காணப்படுகின்றது. அதற்குக் காரணமாகும் கிருமிகள் வேறு. ஆடுகள் நெருங்கி அடைபடும் பட்டியிலும் கிடையிலும் அது விரைந்து பரவும். இக்கிருமிகளிற் சில மனிதருக்கும் தொற்றக்கூடியவை. ஆதலால் நோயுற்ற ஆட்டைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் நம் கண்ணைத் தொடலாகாது.

சிகிச்சை கால்நடை மருத்துவரால் அளிக்கப்பட வேண்டியது. கிருமியைக் கொல்லும் மருந்தை ஊசி வழியாகவோ கண்களிம்பாகவோ அவர் அளிப்பார். மருந்து செலுத்திய மாட்டின் பாலை அவர் குறிப்பிடும் நாள் வரையில் குடும்பத்திற்கும் பயன்படுத்தலாகாது, சங்கத்திற்கும் ஊற்றலாகாது.

கண் புழு

ஈக்கள் கொண்டுவரும் மற்றொரு தொல்லை கண் புழுவாகும். நூலிழை போன்று வெண்மையாகவும், ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் நீளமுள்ளதாகவும் இருக்கும் இப்புழு இமைக்கு அடியிலும், மூன்றாம் இமையின் பின்னும் வாழ்கின்றது. கண்ணீரை உறிஞ்ச வரும் ஈ, புழுவின் குஞ்சுகளையும் சேர்த்து உறிஞ்சுகின்றது. ஈயின் உடலில் சில வாரங்கள் வளர்ந்த குஞ்சுகள், அது வேறொரு மாட்டின் கண்ணில் அமரும்போது அங்கே இறங்கிவிடுகின்றன. புழு நெளியும்போதெல்லாம் கண்ணை உராய்வதால் நீர் வடிதலும், சிவத்தலும், நாளடைவில் வெண்மையும் உண்டாகின்றன.

ஒற்றைக் கண்ணில் நீண்ட நாளாக நீர் வடிந்தும், மருந்திட்டும் குணமாகாவிடில் கண் புழுவை ஐயுற வேண்டும். மருத்துவர் கண்ணை மரக்கச் செய்து புழுக்களை எடுத்துவிடுவார். புழுவைக் கொல்லும் மருந்தும் தருவார். விரலாலோ ஊசியாலோ வீட்டிலேயே எடுக்க முயல்வது கண்ணுக்கு ஆபத்தாகும். கண்ணின் உட்புறத்து நீரில் நீந்தும் வேறொரு வகைப் புழுவும் உண்டு. கொசுவால் பரவும் இது பெரும்பாலும் குதிரைகளிலும், சில வேளைகளில் மாடுகளிலும் காணப்படும். இதனை அறுவைச் சிகிச்சையாலேயே அகற்ற இயலும்.

காயங்களும் தூசியும்

அறுவடைக் காலத்தில் களத்தில் பறக்கும் உமியும், சோளத்தட்டையின் தூளும், ஊசிப்புல்லின் முனையும் கண்ணில் தைக்கின்றன. சீமைக்கருவேல் மண்டிய பாதைகளில் செல்லும் ஆடுமாடுகளுக்கு முள் குத்துகின்றது. நெருக்கமாகக் கட்டப்பட்ட மாடுகள் ஒன்றையொன்று கொம்பால் இடிக்கின்றன. சாட்டை நுனி பட்டுக் கண் இழந்த வண்டி மாடுகளும் உண்டு. வைக்கோலை உயரத்திலிருந்து உதறிப் போடாமல், தாழ்ந்த தொட்டியில் சற்று நீர் தெளித்துப் போடுவதாலேயே தூசியினால் வரும் துன்பம் பெரிதும் குறையும்.

சுண்ணாம்புத் தூளையும் பிளீச்சிங் பவுடரையும் தூவும்போது மிகுந்த எச்சரிக்கை வேண்டும். கண்ணில் விழுந்த சுண்ணாம்பு படலத்தை ஊடுருவி வெகு வேகமாக எரித்துவிடும். அவ்வாறு நேர்ந்தால் மருத்துவரைத் தேடி ஓடுவதற்கு முன், சுத்தமான நீரைத் தாராளமாக ஊற்றிக் குறைந்தது பதினைந்து நிமிடங்கள் கழுவ வேண்டும். பூச்சிமருந்து தெறித்தாலும் இதுவே முறை. மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வர்ணம் தீட்டும்போது வர்ணமும் டர்பன்டைனும் கண்ணில் வழியாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

நெடுந்தூரம் லாரியில் ஏற்றிச் செல்லப்படும் மாடு களைத்துப் படுத்துவிட்டால், அதனை எழுப்புவதற்குக் கண்ணில் மிளகாய்த் தூளைத் தேய்க்கும் கொடுமையும் நடைபெறுகின்றது. இது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். கண்டவர்கள் வாளாவிருத்தல் கூடாது. காவல் நிலையத்திற்கு அறிவிக்க வேண்டும்.

கண்ணில் இடத்தகாதவை

கிராமங்களில் சுற்றுப்பயணம் செய்யும்போது நான் அடிக்கடி காண்பது ஒன்றுண்டு. கண்ணில் பூ விழுந்த மாட்டைக் காட்டி, "என்ன மருந்து போட்டீர்கள்?" என்று வினவினால், புகையிலையை மென்று சாற்றை உமிழ்ந்ததாகக் கூறுவர்; உப்பை வாயிலிட்டு ஊதியதாகக் கூறுவர்; செடியின் பாலைத் தடவியதாகவும் கூறுவர். ஓர் ஊரில் முதியவர் ஒருவர், "எங்கள் பாட்டன் காலத்திலிருந்து இதைத்தான் செய்கிறோம், பல மாடுகள் பிழைத்திருக்கின்றனவே" என்று கேட்டார். அவர் கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. மேற்கூறிய தொற்றுநோய் சில மாடுகளில் தானாகவே ஆறிவிடும். ஆறிய மாட்டை மருந்தின் பெருமையாகக் கொண்டாடுகிறோம். குருடான மாட்டை அதன் தலைவிதியென்று மறந்துவிடுகிறோம். உண்மையில், ஆறியவை அம்மருந்தால் ஆறியவை அல்ல; அம்மருந்தையும் தாங்கிக்கொண்டு ஆறியவை.

புகையிலையின் காரமும், வாயிலுள்ள கிருமிகளும் புண்ணான படலத்தை மேலும் அரிக்கின்றன. எருக்கம்பால் நல்ல கண்ணையே கெடுக்கும் தன்மையுடையது; மனிதர் கண்ணிலும் அது தீங்கு விளைவிப்பதை மருத்துவர்கள் அறிவர்.

புதிய காலத்துக் கைம்மருந்து ஒன்றும் இப்பொழுது பரவியுள்ளது. வீட்டில் யாருக்கோ வாங்கி மிஞ்சிய சொட்டு மருந்தை மாட்டின் கண்ணிலும் விட்டுவிடுகின்றனர். அவற்றிற் சில, ஸ்டீராய்டு என்னும் மருந்து கலந்தவை. ஸ்டீராய்டு சிவப்பையும் வீக்கத்தையும் விரைவில் அடக்கும். ஆகையால் குணமானதுபோல் தோன்றும். ஆனால் கண்ணாடிப் படலத்தில் புண் இருக்கும்போது அதனை விட்டால், புண் ஆறுவது தடைப்பட்டுக் கிருமி பெருகி, கண்ணே ஓட்டையாகிவிடக்கூடும். புண் இருப்பதை மருத்துவர் ஒருவகைச் சாயமிட்டுச் சோதித்தறிவார். அவர் பார்க்காத கண்ணில் எந்தச் சொட்டு மருந்தையும் விடலாகாது.

மாலைக்கண்

இதுவரை கூறியவை வெளியிலிருந்து வரும் கேடுகள். தீவனக் குறைவால் உள்ளிருந்து வரும் கேடு மாலைக்கண் ஆகும். இருளில் பார்க்கும் ஆற்றலுக்கு வைட்டமின் ஏ சத்து இன்றியமையாதது. பசும்புல்லிலும் தழையிலும் உள்ள கரோட்டின் என்னும் பொருளிலிருந்து மாடு இச்சத்தைத் தன் உடலில் உண்டாக்கிக்கொள்கின்றது. மிஞ்சியதை ஈரலில் சேர்த்துவைத்துச் சில மாதங்கள் வரை செலவிடுகின்றது. வெயிலில் பலநாள் உலர்ந்த வைக்கோலில் கரோட்டின் அநேகமாக இல்லை.

2017-ஆம் ஆண்டு ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவையாக அறிவிக்கப்பட்டதை யாவரும் அறிவர். அத்தகைய ஆண்டுகளில் மாடுகள் மாதக்கணக்கில் வைக்கோலை மட்டுமே உண்டு உயிர் பிழைக்கின்றன. வயிறு நிரம்பினாலும் ஈரலில் உள்ள சேமிப்புக் கரைந்துகொண்டே வரும். முதலில் பாதிக்கப்படுவன கன்றுகளே. கன்று பிறக்கும்போது அதன் ஈரலில் இச்சத்து மிகக் குறைவு. சீம்பாலிலிருந்தே அது பெற வேண்டும். பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் சீம்பால் ஊட்டத் தொடங்கி, முதல் நாளில் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவு கிடைக்கச் செய்ய வேண்டும். தாய்க்கே பசுந்தீவனம் இல்லையேல் சீம்பாலிலும் சத்து குறைவாகவே இருக்கும். ஆதலின் சினை மாட்டுக்குப் பசுந்தழை கொடுப்பது பிறக்கப்போகும் கன்றின் கண்ணுக்குக் கொடுப்பதேயாகும்.

மாலைக்கண்ணை அறிவது எளிது. அந்தி மயங்கும் வேளையில் கன்றை அதற்குப் பழக்கமில்லாத இடத்தில் ஒரு கட்டையைக் குறுக்கே இட்டு நடத்திப் பார்க்க வேண்டும். பகலில் தாண்டும் கன்று அந்தியில் இடறுமாயின் உடனே மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். இந்நிலையில் வைட்டமின் ஏ ஊசி நல்ல பயன் தரும். காலங்கடந்தால், வளரும் கன்றின் மண்டையோட்டில் பார்வை நரம்பு செல்லும் துளை குறுகி நரம்பை நசுக்கிவிடும். அதன்பின் எத்தனை ஊசி போட்டாலும் நசுங்கிய நரம்பு மீளாது.

வறட்சியிலும் ஓரளவு பசுமை தரும் மரங்கள் நம்மிடம் உண்டு. அகத்தி, சவுண்டல், முருங்கை ஆகியவற்றின் தழையில் கரோட்டின் நிறைந்துள்ளது. வேலியோரத்தில் நாலைந்து மரங்கள் இருந்தால், நாளொன்றுக்குச் சில கைப்பிடி தழையாவது கன்றுக்கும் சினை மாட்டுக்கும் கிடைக்கும்.

கண்ணோரத்துப் புற்று

கண்ணைச் சுற்றி வெண்மையான தோலுள்ள கலப்பின மாடுகளில், இமையிலோ மூன்றாம் இமையிலோ பரு போன்று ஒன்று தோன்றி மெல்ல வளர்வதுண்டு. வெயிலின் புற ஊதாக் கதிர்கள் பல ஆண்டுகள் படுவது இதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்றாகும். இது புற்றாக இருக்கலாம். பட்டாணி அளவில் இருக்கும்போதே அறுத்து நீக்கினால் பெரும்பாலும் கண்ணும் மாடும் தப்பும். கண் முழுவதும் பரவிய பின் கண்ணையே எடுக்க நேரிடும். நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய ஊர்களில் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. சென்னை வேப்பேரியில் 1903-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற கல்லூரியும் உள்ளது. உள்ளூர் மருத்துவர் பரிந்துரைத்தால் அங்கே கொண்டுசெல்லத் தயங்க வேண்டாம்.

பார்வையை மறைவாகக் கெடுப்பவை

கண் தெளிவாகத் தோன்றியும் பார்வை இல்லாதிருப்பதுண்டு. பழைய பேட்டரியின் தகட்டையும், ஈயம் கலந்த வர்ணத்தையும் நக்கிய கன்றுகள் திடீரெனக் குருடாகி, பல்லைக் கடித்துக்கொண்டு சுவரில் முட்டி நிற்கும். இது ஈய நஞ்சாகும். பேட்டரிகளை மேய்ச்சல் நிலத்தில் எறிவதை ஒவ்வொரு பஞ்சாயத்தும் தடுத்தல் வேண்டும்.

குடற்புழு மருந்திலும் கவனம் தேவை. குளோசான்டெல் போன்ற சில மருந்துகளை அளவுக்கு மீறிக் கொடுத்தால் ஆடுகளின் பார்வை நரம்பு கெட்டுக் கண் போய்விடும். மந்தை முழுவதற்கும் ஒரே அளவாக ஊற்றாமல், ஆட்டின் எடையை அறிந்து, மருத்துவர் சொன்ன அளவிலேயே கொடுக்க வேண்டும்.

கண் மற்ற நோய்களையும் காட்டிக்கொடுக்கும். கீழிமையை மெல்ல இறக்கிப் பார்த்தால் உட்புறம் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். ஆடுகளில் அது வெளிறியிருந்தால் இரத்தம் உறிஞ்சும் குடற்புழு மிகுந்திருப்பதைப் பெரும்பாலும் குறிக்கும். தென்னாப்பிரிக்காவில், இந்நிறத்தை ஐந்து படிகளாகப் பிரித்து அட்டையில் அச்சிட்டு, வெளிறிய ஆடுகளுக்கு மட்டும் மருந்து கொடுக்கும் முறையை வகுத்தனர். இன்று அது பல நாடுகளில் பின்பற்றப்படுகின்றது. மஞ்சள் நிறம் ஈரல் கோளாறையோ உண்ணிகளால் வரும் காய்ச்சலையோ குறிக்கலாம். கழிச்சல் கண்ட கன்றின் கண் குழிவிழுந்திருந்தால் உடலில் நீர் வற்றிவிட்டது என்று பொருள். அது அவசர நிலையாகும்.

முதல் நாளில் செய்ய வேண்டியவை

கண்ணில் நீர் வடியக் கண்ட அன்றே கீழ்க்கண்டவற்றைச் செய்தல் நலம்.

1. மாட்டை நிழலில், காற்றோட்டமுள்ள இடத்தில், மற்றவற்றிலிருந்து பிரித்துக் கட்டுக.

2. நீரைக் கொதிக்கவைத்து, ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு வீதம் கலந்து, நன்றாக ஆறிய பின் தூய துணியை நனைத்துக் கண்ணைக் கழுவுக. இந்த அளவு கண்ணீரின் உவர்ப்பை ஒத்தது; ஆதலால் எரிச்சல் தராது. உப்பை அப்படியே கண்ணில் இடுவதும் இதுவும் ஒன்றல்ல. ஒரு மாட்டுக்குப் பயன்படுத்திய துணியை மற்றொன்றுக்குப் பயன்படுத்தலாகாது.

3. உமியோ புல்லோ தளர்வாக ஒட்டியிருந்தால் நீரை மெல்லப் பாய்ச்சினால் வெளிவரும். கண்ணில் தைத்து நிற்கும் முள்ளைப் பிடுங்கற்க. அதனை மருத்துவரே எடுக்க வேண்டும்.

4. கொசுவுக்காகப் போடும் மூட்டத்தின் புகை நோயுற்ற கண்ணில் படாதபடி பார்த்துக்கொள்க.

5. அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திற்கு அன்றே அறிவிக்குக. ஓட்டிச் செல்ல இயலாவிடில் 1962 என்னும் எண்ணுக்குத் தொலைபேசி வழியாகத் தெரிவித்து, நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியின் உதவியைக் கோரலாம்.

ஒரு கண் ஏற்கெனவே போய்விட்ட மாட்டைக் கழித்துவிட வேண்டியதில்லை. பார்வையுள்ள பக்கத்திலிருந்து குரல் கொடுத்துக்கொண்டே அணுகி, தொட்டியையும் கட்டுத்தறியையும் இடம் மாற்றாமல் வைத்திருந்தால், அது பல ஆண்டுகள் பயன் தரும்.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

மாடு ஒருவருடையது, ஈ ஊருக்குப் பொது. ஒருவர் தம் தொழுவத்தை எவ்வளவு தூய்மையாக வைத்திருந்தாலும், அடுத்த வீட்டு எருக்குவியலில் பிறந்த ஈ அவர் மாட்டின் கண்ணில் வந்து அமரும். இவ்விடத்தில்தான் தனி மனிதரின் முயற்சி முடிந்து பஞ்சாயத்தின் கடமை தொடங்குகின்றது. 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தத்தால் சேர்க்கப்பட்ட பதினோராவது அட்டவணையில், கால்நடை வளர்ப்பும் பால்பண்ணைத் தொழிலும் கோழி வளர்ப்பும் பஞ்சாயத்துகளிடம் ஒப்படைக்கத்தக்க பொருள்களாகக் குறிக்கப்பட்டுள்ளன.

முதலாவது எருக்குழி. வெப்பக் காலத்தில் ஈயின் முட்டை ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்களுக்குள் பறக்கும் ஈயாகிவிடுகின்றது. வாரத்திற்கு இரண்டு முறையேனும் சாணத்தை அப்புறப்படுத்திக் குழியிலிட்டு மண்ணால் மூடினால், ஈயின் தலைமுறை அறுபடும். மூடிய குழியின் வெப்பம் புழுக்களைக் கொல்வதுடன் எருவின் தரத்தையும் காக்கின்றது. குழியைக் கொட்டிலிலிருந்து தள்ளி அமைக்கும்படி வீடுதோறும் வலியுறுத்தலாம். இடமில்லாதோர்க்குப் பொதுக் குழிக்கு இடம் ஒதுக்கலாம்.

இரண்டாவது நிழலும் தழையும். மேய்ச்சல் நிலத்திலும் தண்ணீர்த் தொட்டியருகிலும் நிழல் மரங்களையும், பொது இடங்களில் அகத்தி, சவுண்டல் முதலியவற்றையும் நட்டால் வெயிலுக்கும் மாலைக்கண்ணுக்கும் ஒருங்கே காப்பு கிடைக்கும். கால்நடைகள் செல்லும் பாதைகளில் நீண்டு நிற்கும் சீமைக்கருவேல் கிளைகளை வெட்டி ஒதுக்குவதும் இதனுடன் சேர்ந்த பணியே.

மூன்றாவது அறிவிப்பு. ஒரு வாரத்தில் ஊரில் மூன்று நான்கு மாடுகளுக்குக் கண் நோய் வந்தால், அச்செய்தி அன்றே கால்நடை மருத்துவருக்கு எட்ட வேண்டும். ஒவ்வொரு வார்டு உறுப்பினரும் தம் தெருவிற்கு இப்பொறுப்பை ஏற்றுக்கொண்டால், பிற மாடுகளையும் நோய் பற்றுமுன் மருத்துவர் வந்துவிட இயலும். இதற்குத் தனி நிதி வேண்டுவதில்லை.

நான்காவது கிராமசபை. கோடையின் வெயிலும் தூசியும் உச்சத்தில் இருக்கும் மே முதல் நாளில் கூடும் கிராமசபை இதற்கு ஏற்றது. அன்று கால்நடை மருத்துவரையோ கால்நடை ஆய்வாளரையோ அழைத்து, கண்ணைக் கழுவும் முறையை ஒரு மாட்டிலேயே செய்து காட்டச் சொல்லலாம். கொட்டிலில் மாட்டைப் பேணுவோர் பெரும்பாலும் பெண்களே. ஆகவே மகளிர் குழுவினர் முன்வரிசையில் இருத்தல் வேண்டும்.

கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் செய்து பயனில்லை என்பது நம் முன்னோர் வாக்கு. பூ விழுந்த கண்ணுக்காகப் பின்னர் அலைவதைவிட, நீர் வடியும் கண்ணை முதல் நாளிலேயே கவனிப்பது எளிது, செலவும் குறைவு. வாயில்லா ஜீவன் தன் வலியைச் சொல்லாது. அதன் கண்ணீர்த் தடமே அதன் மனு. அம்மனுவை விவசாயி காலையில் கண்டு, மருந்தகம் அன்றே ஏற்று, அதற்குக் காரணமான எருக்குவியலைப் பஞ்சாயத்து அவ்வாரமே அகற்றுமாயின், நம் கிராமங்களில் கண்ணிழக்கும் ஆடுமாடுகளின் எண்ணிக்கை பெரிதும் குறையும் என்பது திண்ணம்.